ஆயுசு கெட்டி

அப்பாயியின் வயது மூன்று இடங்களில் மூன்று விதமாகப் பதிந்திருந்தது. தோட்டத்து செக்ரோல் பதிவேட்டில் ஒன்று. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தில் இன்னொன்று. சேமலாப நிதிக் காசு எடுக்கப் போனபோது எழுதியது இந்த இரண்டோடும் சேராது. எது சரி என்று கேட்டால், "பதுளைக்கு மொத ரயிலு வந்தப்ப ஒங்கப்பன் வகுத்துல" என்று அப்பாயி சொல்லும். பதுளைக்கு ரயில் வந்தது 1924 ஏப்ரலில். அப்பாயி தன் வயதைச் சொல்லவில்லை, மகனின் வயதைச் சொல்லிவிட்டது. தன்னுடையதை நாங்களே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பசறைப் பாதையில், நமுனுகுல மலையைப் பார்த்தபடி இருந்தது. அங்கே லயத்துக் காம்பராக்களில் இருந்த பெரியவர்கள் எல்லோருடைய கணக்கும் இப்படித்தான். மலேரியாக் காய்ச்சல் வந்த வருஷம் கல்யாணம். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருஷம் இரண்டாவது பிள்ளை. மண்சரிவில் மேல் லயம் போன வருஷம் மாமன் செத்தது. ஒவ்வொன்றுக்கும் ஆண்டு எண் கண்டுபிடிக்கலாம். முதலாவது 1934-35, இரண்டாவது 1942 ஏப்ரல். கண்டுபிடிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை, காகிதம் கேட்டவர்களுக்குத்தான் இருந்தது. 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மலையகத் தமிழ் மக்களை நாடற்றவர்களாக்கிய பிறகு, எங்கே பிறந்தாய், எப்போது பிறந்தாய் என்ற இரண்டு கேள்விகளில் ஒரு குடும்பத்தின் கதியே தொங்கியது. 1964-இல் அந்த ஒப்பந்தத்துக்காக இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரைப் பற்றிப் பேசின. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். அந்தக் கணக்கில் அப்பாயியும் ஒரு தலை.

வயது தெரியாத அப்பாயிக்கு ஆயுசைப் பற்றி நிறையத் தெரியும். கொழுந்து மலையில் கால் சறுக்கிக் கானுக்குள் விழுந்த பிள்ளை எழுந்து நின்றால், "ஆயுசு கெட்டிடா ஒனக்கு" என்று சொல்லும். பேசிக்கொண்டிருக்கும்போதே பேசப்பட்ட ஆள் வாசலில் வந்து நின்றால், "நூறாயுசு". யாராவது தும்மினாலும் அதே நூறாயுசு. கும்பிட்டு விழுந்தால் தலையில் கைவைத்து, "ஆயுசோட இரு ராசா". இத்தனையிலும் அப்பாயி ஆயுசை ஒரு முறைகூட எண்ணிக்கையாக நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. நூறு என்பதற்கு அங்கே 'நிறைய' என்று பொருள். கெட்டி என்றால் கயிறு கெட்டியாக இருக்கிறது என்பதுபோல, அறாது என்று பொருள். ஆயுசு என்பது அதற்கு ஒரு பலம். உடம்புக்குள் இருக்கிற, கூடவும் குறையவும் கூடிய, கொஞ்சம் எடுத்துக் கொடுக்கவும் கூடிய ஒரு பொருள்.

எனக்கு லத்தீன் வந்தது பூசை வழியாக. நாங்கள் கத்தோலிக்கர்கள். ஏழெட்டு வயதிலேயே நான் பூசைக்கு உதவுகிற பையன். சாமியார் லத்தீனில் சொல்வதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதில்களைத் தமிழ் எழுத்தில் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி மனப்பாடம் செய்தோம். பொருள் ஒரு சொல்லுக்கும் தெரியாது. இறந்தவர் பூசைகளில் 'ஏத்தெர்னாம்' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். அதன் ஓசையை வைத்து, அழுகைக்கான சொல் என்று நான் நினைத்திருந்தேன். 'நித்தியமான' என்பது அதன் பொருள் என்று பின்னால்தான் தெரிந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் எங்கள் கோயிலிலும் பூசை தமிழுக்கு வந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பொருள் தெரியாமலே வாயில் தங்கிவிட்ட அந்தச் சொற்களை என்ன செய்வது?

அதை எங்கள் சாமியாரிடம் கேட்டேன். அவர் தமிழர், வயதானவர், கண்டி அம்பிட்டியவில் இருந்த பாப்பரசர் குருமடத்தில் படித்தவர். அந்தக் குருமடத்தை 1893-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் இந்தியா, இலங்கை முழுவதற்குமாக நிறுவினார். 1955-இல் அது புனேக்குப் போயிற்று. அங்கே மெய்யியலையும் இறையியலையும் லத்தீனிலேயே படித்தார்கள். தமிழ், சிங்களம், மலையாளம், கொங்கணி பேசும் பிள்ளைகளுக்கு அதுதான் பொது மொழி. "வா தம்பி, சனிக்கிழமையில வா" என்றார். அவ்வளவுதான், வகுப்பு தொடங்கிவிட்டது. புத்தகம் ஒன்றுதான். அதை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம்.

ஒரு நாள் சாமியாருக்குப் பிறந்தநாள். 'பல்லாண்டு' என்று வாழ்த்தும் லத்தீன் தொடரைக் கற்றுக்கொண்டு போய்ச் சொன்னேன். புது ஆயர் ஒருவருக்குப் பட்டம் கொடுக்கும்போது, அவர் தமக்குப் பட்டம் தந்த ஆயரை நோக்கி அந்தக் காலத்தில் மும்முறை பாடி வந்த வாழ்த்து அது. சாமியார் மகிழ்ந்துபோனார். "சரி, நீண்ட ஆயுளுக்கே ஒரு பெயர்ச்சொல் இருக்கு. இன்னைக்கு அதை எடுப்பம்" என்று கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதினார்: லொன்ஜேவிதாஸ்.

அந்தச் சொல்லை அவர் பிரித்துக் காட்டியது இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. 'லொங்குஸ்' நீளமான. 'ஏவும்' வாழ்நாள், காலம். இரண்டும் சேர்ந்து 'லொன்ஜேவுஸ்', நெடுநாள் வாழ்ந்தவர். ரோமக் கவிஞர் வெர்ஜில் கிழவர்களைக் குறிக்கும்போது எடுத்தாள்கிற சொல் அது. அதன் மேல் 'தாஸ்' என்ற ஒட்டு ஏறினால் பண்புப் பெயராகிவிடும்: நெடுநாள் வாழ்கிற தன்மை. நம்முடைய இளமை, முதுமை, நன்மையில் வருகிற 'மை' மாதிரி. ஆனால் சிசரோவிடமோ சீசரிடமோ போய் இந்தப் பெயர்ச்சொல்லைத் தேடாதே என்றார். முதுமையைப் பற்றி ஒரு நூலே எழுதிய சிசரோவுக்கு இது தேவைப்படவில்லை. மிகவும் பிந்தி, மக்ரோபியுஸ் போன்றவர்கள் எழுதிய காலத்தில்தான், ரோமப் பேரரசுக்கே வயதான பிறகுதான், இது வருகிறது.

பிறகு வேற்றுமை. தமிழில் வேற்றுமைக்குப் பெயர் வைக்காமல் எண் வைத்தார்கள், அதனால் எனக்குச் சுலபம் என்று சாமியார் சொன்னார். லொன்ஜேவிதாஸ், முதல் வேற்றுமை. லொன்ஜேவிதாத்தெம், நம் இரண்டாம் வேற்றுமை. லொன்ஜேவிதாத்தி, நான்காவது. லொன்ஜேவிதாத்திஸ், ஆறாவது. லொன்ஜேவிதாத்தே என்ற ஒன்றே நம் மூன்றாவதையும் ஐந்தாவதையும் ஏழாவதையும் சேர்த்துச் சுமக்கும். 'ஆல்', 'இன்', 'கண்' மூன்றுக்கும் அங்கே ஒரே ஆள். விளிவேற்றுமை முதல் வேற்றுமை மாதிரியே இருக்கும். இதற்குள் ஒரு 'தா' எங்கிருந்து வந்து புகுந்தது என்று கேட்டேன். அவர் என்னை 'மரம்' என்ற சொல்லை உருபேற்றச் சொன்னார். மரத்தை, மரத்தால், மரத்துக்கு. "மரமை எண்டு சொல்லுவியா? சொல்லமாட்டாய். உருபு வந்தாத்தான் சொல்லின்ர உள்ளுடம்பு வெளியில தெரியும்" என்றார். சாமியாருக்கு யாழ்ப்பாணத்துப் பேச்சு அவ்வப்போது வந்துவிடும். நமக்கு 'அத்து'ச் சாரியை எங்கிருந்தோ வந்து நடுவில் நிற்கிறது. லத்தீனிலோ 'தாத்' என்பதுதான் உண்மையான அடி. முதல் வேற்றுமையில் மட்டும் கடைசித் தகரம் சகரத்தின் முன்னால் விழுந்துவிடுகிறது. காரணம் வேறு, கண்ணுக்குத் தெரிகிற விளைவு ஒன்று. லத்தீன் இலக்கணத்தில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய சந்தோஷம் அது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1728-இல் தமிழின் பேச்சு வழக்குக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அவர் போன பாதையில் நாங்கள் எதிர்த் திசையில் நடந்துகொண்டிருந்தோம்.

'தாஸ்' என்று முடிகிற இந்த வகைப் பெயர்கள் எல்லாம் லத்தீனில் பெண்பால். அன்பு பெண், உண்மை பெண், நெடுவாழ்வும் பெண். தமிழில் இவையெல்லாம் அஃறிணை. அப்பாயியை நாங்கள் 'அது' என்றுதான் சொல்வோம், பாசம் கூடினால் தோட்டத்துப் பேச்சில் 'அது'தான் வரும். அதனால் நெடுவாழ்வைப் பெண்ணாக நினைக்க எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. எனக்கு அது அப்பாயியின் முகத்தோடுதான் வந்தது.

இதே 'ஏவும்' என்ற வேரிலிருந்து இன்னொரு சொல் பிறந்திருக்கிறது. அதைப் பார்க்கக் கல்லறைக்குப் போக வேண்டும். பதுளை நகரத்தில் ஆங்கிலத் திருச்சபையின் புனித மாற்கு ஆலயம் இருக்கிறது. 1845-இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸின் நினைவாகக் கட்டியது. ஊவாவின் அரசாங்க அதிகாரி அவர், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று பெயர். அந்தக் காலத்து ஆங்கிலேயர் கல்லறைகளில் பெயருக்குக் கீழே மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்று வெட்டியிருக்கும், பக்கத்தில் ஓர் எண். 'ஏதாத்திஸ்' என்பதன் சுருக்கம் அது. 'வயதின்', அதாவது ஆறாம் வேற்றுமை. தன் வயதின் இத்தனையாவது ஆண்டில் இறந்தார் என்பது முழுப் பொருள். அதன் முதல் வடிவம் 'ஏதாஸ்', அதற்கும் பழையது 'ஏவிதாஸ்'. ஏவும், ஏவிதாஸ், ஏதாஸ் என்று படிப்படியாகக் குறுகி, ஓடுகிற வாழ்வு எண்ணப்படுகிற வயதாகிவிட்டது.

அந்தப் பழைய வடிவம் ரோமர்களின் முதல் சட்டமான பன்னிரண்டு பலகைகளில் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு நானூற்றைம்பது ஆண்டுகள் முந்தியது. வழக்குக்கு அழைக்கப்பட்டவருக்கு நோயோ முதுமையோ தடையாக இருந்தால், அழைத்தவரே அவர் ஏறிவர ஒரு விலங்கைக் கொடுக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். இதைச் சாமியார் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வயதை நிரூபிக்க வரச் சொல்லி அப்பாயிக்கு ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பஸ் இல்லாத நாளில், கொழுந்துக் கூடையைத் தாங்கித் தாங்கி வளைந்த முதுகோடு, அது பதுளை வரை நடந்தது. போனதும் வேறொரு நாள் வரச் சொல்லி அனுப்பினார்கள்.

பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரைப் பற்றி இன்னொன்றும் சாமியார் சொன்னார். குருமடத்தை நிறுவிய அவர் 93 வயது வரை, 1903 வரை வாழ்ந்தார். லத்தீனில் கவிதை எழுதுவார். 1897-இல், எண்பத்தேழு வயதில், மிதமாக உண்டு நெடுநாள் வாழ்வதைப் பற்றி ஒரு செய்யுள் மடல் எழுதினார். பெருந்தீனி ஆயுளைத் தின்னும், அளவான எளிய சாப்பாடு ஆயுளை வளர்க்கும் என்பது அதன் சாரம். நல்ல புத்திமதி. ஆனால் அதை நான் கேட்டது 1974-இல்.

அந்த ஆண்டு எங்கள் தோட்டங்களில் என்ன நடந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புவது கஷ்டம். அரிசியும் மாவும் சுருங்கின. வேலை நாட்கள் குறைந்தன. தோட்டத்துக்கு வெளியே ஒரு துண்டு நிலம் இல்லாதவர்கள் நாங்கள். நட்டுத் தின்னவும் வழியில்லை. கிராமத்தில் இருந்தவர்களுக்கு ஒரு பலாமரமாவது இருந்தது. தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதம் அந்த ஆண்டு மேலே ஏறியது. மலேரியாவை அடக்கிய பிறகு, 1946-இல் ஆயிரத்துக்கு இருபது என்றிருந்த இறப்பு அடுத்த ஆண்டே பதினான்காக இறங்கியது என்று பெருமையாகச் சொல்கிற நாடு இது. அந்தப் பெருமையின் பக்கத்திலேயே 1974-ஐயும் எழுத வேண்டும் என்று நான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மிதமாக உண்பது என்பது, உணவு இருக்கிறவன் தானாகத் தெரிந்தெடுப்பது. சாமியாரும் அந்த மடலைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. தன் வீட்டு அரிசியைக் கொண்டுபோய் லயங்களில் கொடுத்துவிட்டு, வந்த மாவைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

பதுளைக்குத் தனி மறைமாவட்டம் 1972-இல் உருவானது. கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார, புது மறைமாவட்டத்துக்கு விரும்பியே வந்தார். பெரிய நகரத்தை விட்டு வறிய ஊவாவுக்கு வந்தவர் என்பதால் எங்கள் ஆட்களுக்கு அவர் மேல் தனி மதிப்பு. பண்டாரவளையில் அவர் தொடங்கிய 'சேவக செவன' குருமடத்தில், மக்கள் நடுவில் மக்கள் மொழியில் குருக்கள் வளர வேண்டும் என்று நினைத்தார். அம்பிட்டியவின் லத்தீன் காலம் அதோடு முடிந்தது. அது முடிந்தது சரியே என்று எங்கள் சாமியாரே சொன்னார். சொல்லிவிட்டு, சனிக்கிழமை வகுப்பை நிறுத்தவில்லை.

ஒரு சனிக்கிழமை உச்சரிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. நாங்கள் படித்தது கோயில் லத்தீன், இத்தாலியரின் வாய் வழியாக வந்தது. பழைய ரோமர்கள் அந்தச் சொல்லை லொன்ஜேவிதாஸ் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது லொங்கைவிதாஸ், அழுத்தம் 'கை' மேல். 'ஏவும்' அவர்களுக்கு 'ஐவும்'. "ஐவும். இப்ப ஆயுஸ் எண்டு சொல்லிப் பார்" என்றார்.

சொல்லிப் பார்த்தேன். சமஸ்கிருதத்தின் 'ஆயுஸ்', கிரேக்கத்தின் 'ஐயோன்', லத்தீனின் 'ஐவும்' மூன்றும் ஒரே மூலத்தின் பிள்ளைகள். ஆயுஸ் தமிழுக்கு வந்து ஆயுள் ஆனது, எங்கள் லயத்தில் ஆயுசு ஆனது. தமிழுக்கு 'வாழ்நாள்' என்று சொந்தச் சொல் உண்டு, வள்ளுவர் ஆண்ட சொல். ஆனாலும் அப்பாயியின் வாயில் இருந்தது கடன் வாங்கிய ஆயுசுதான். பதுளை பஸ் நிலையத்தில், முதியங்கனை விகாரைக்குப் போகிறவர்கள் ஒருவரையொருவர் கைகூப்பிச் சிங்களத்தில் சொல்லும் 'ஆயுபோவன்' என்ற வாழ்த்திலும் முதலில் நிற்பது அதே 'ஆயு'. ஆயுள் பெருகட்டும் என்று பொருள். ஒரு நகரத்தில் கோயிலில் ஒன்றும், லயத்தில் ஒன்றும், விகாரை வாசலில் ஒன்றுமாக ஒரே வேர் மூன்று வாய்களில் இருந்தது. தமிழருக்கும் சிங்களவருக்கும் அடிபிடி நடந்த ஆண்டுகளிலும் அப்படித்தான் இருந்தது. தும்மினால் வாழ்த்துகிற வழக்கம்கூடப் பொதுவானது. குறளில் காதலி தும்மலுக்கு வாழ்த்துகிறாள். பாளி விநயத்தில் புத்தர் தும்மியபோது பிக்குகள் வாழ்த்தினார்கள் என்றும், பிறகு இல்லறத்தார் வாழ்த்தினால் 'நெடுநாள் வாழ்க' என்று பதில் சொல்லப் பிக்குகளுக்கு அவர் அனுமதி கொடுத்தார் என்றும் இருக்கிறது.

பின்னாளில், சாமியார் காலமாகிப் பல வருஷம் கழித்து, பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த் 1937-இல் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றிப் படித்தேன். இந்தச் சொற்குடும்பத்தின் மூலப் பொருள் 'நீண்ட காலம்' இல்லை என்று அவர் காட்டியிருக்கிறார். முதல் பொருள் உயிர்ப்பலம். ஓர் ஆளுக்குள் இருக்கிற உயிர்ப்பலம், பிறகு அது நீடிக்கிற காலம், பிறகு முடிவில்லாத காலம் என்று பொருள் விரிந்துகொண்டு போயிருக்கிறது. 'யுவன்' என்ற சொல்லும் இதே வேர். லத்தீனின் இளைஞனுக்கான சொல்லும் அதுவே. உயிர்ப்பலம் நிறைந்தவன் யுவன். நான் பூசையில் அழுகைக்கான சொல் என்று நினைத்திருந்த 'ஏத்தெர்னாம்' இந்தக் குடும்பத்தின் கடைசிப் படியில் நிற்கிறது. அப்பாயியின் 'ஆயுசு கெட்டி' முதல் படியில் நிற்கிறது. படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சாமியாரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

1974-க்கு ஒரு முறை திரும்ப வேண்டும். என் தங்கச்சிக்கு அப்போது பன்னிரண்டு வயது. வயிற்றுப்போக்கு வந்து, பிறகு காய்ச்சல் வந்து, கண் உள்ளே போய்விட்டது. சாப்பாடு இல்லாத உடம்பில் மருந்து நிற்கவில்லை. தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முந்திய இரவு, அப்பாயி அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, "எஞ் சாமி, என் ஆயுசையும் சேத்து இவளுக்குக் குடுத்துரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. செபமாலையைக்கூடத் தொடவில்லை. அந்த ஒரு வாக்கியம் மட்டும்.

அடுத்த சனிக்கிழமை நான் வகுப்புக்குப் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை போனேன். தங்கச்சி வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பாயி சொன்னதைச் சாமியாரிடம் சொன்னேன். அவர் அந்த வாக்கியத்தை லத்தீனில் எழுதச் சொன்னார். ஆயுசு இரண்டாம் வேற்றுமை. இவளுக்கு, நான்காம் வேற்றுமை. கொடைக்கு உரிய வேற்றுமை. 'என்' ஆறாவது என்று எழுதினேன். லத்தீனில் 'என்' என்பது ஆறாம் வேற்றுமையில் நிற்காது, அது அடைச்சொல், பெயரைத் தழுவி அதே பாலும் அதே வேற்றுமையும் எடுக்கும் என்று திருத்தினார். ஆயுசுக்கு லொன்ஜேவிதாத்தெம் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அது நெடுங்காலம் என்கிற தன்மை, அப்பாயி கேட்டது அதையல்ல, 'ஏவும்' போடு என்றார். போட்டேன்.

அப்பாயி அதற்குப் பிறகு சில வருஷங்கள் இருந்து, இன்னும் ஒரு கொள்ளுப்பேரனைத் தூக்கிவிட்டுப் போனது. தங்கச்சிக்கு அறுபது தாண்டிவிட்டது. இப்போது அப்புத்தளையில் மகள் வீட்டில் இருக்கிறாள். போன மாதம் தேசிய அடையாள அட்டைக்கு ஒரு பாட்டிக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தாள். பாட்டிக்குப் பிறந்த தேதி தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வருஷம் என்ன நடந்தது என்று தங்கச்சிதான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.